சான்றுப் பொருள் 1

திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு நான் வக்காலத்து போட்ட வழக்கில், குற்றப்பத்திரிகைப்படி திருட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆறு சீட், மூன்று முன்சக்கரம், நான்கு டைனமோ. எல்லாம் ஒரு கோணிப்பையில் கட்டி, படிவம் 95 இணைத்து, அரக்கு முத்திரையோடு நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

2009-க்குச் சற்று முந்தைய காலம். விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைத் தண்டவாளங்கள் கூடுகின்றன. சென்னை, திருச்சிக்கு இரண்டு வழி, புதுச்சேரி, காட்பாடி. விடிகாலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வந்து, ஸ்டேஷனுக்கு வெளியே வேலியிலோ மரத்திலோ சாத்திப் பூட்டிவிட்டு ரயிலேறுவார்கள். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழேயும் இதே காட்சிதான். காசு கட்டி டோக்கன் வாங்கும் ஸ்டாண்டு இருக்கும். ஆனால் தினக்கூலிக்காரர் தினமும் அந்தக் காசைக் கொடுக்க யோசிப்பார்.

நம் ஊர் சைக்கிளுக்குப் பூட்டு பின்சக்கரத்தில்தான். இரண்டு நட்டைத் தளர்த்தினால் முன்சக்கரம் கையோடு வந்துவிடும். சீட்டுக்கு ஒரு போல்ட்டு, டைனமோவுக்கு ஒரு கிளாம்பு. முழு சைக்கிளை எடுத்தால் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், பார்ப்பவன் கேட்பான். பையில் ஒரு சீட்டோடு போகிறவனை யாரும் கேட்பதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஃபிரேமில் நம்பர் அடித்திருக்கும். சீட்டிலோ சக்கரத்திலோ அப்படி ஒன்றும் கிடையாது.

முதல் எதிரி விழுப்புரம் பக்கத்து இளைஞன், இருபது வயதுக்குச் சற்று மேல். என் கட்சிக்காரர் இரண்டாம் எதிரி. ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் விட்டவர், பிறகு பஞ்சர், ஓவராயில் என்று ஒதுங்கிய பெரியவர். இளைஞனின் ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் கடைக்குப் போய்ப் பொருட்களைக் கைப்பற்றியதாகப் போலீஸ் அத்தாட்சி சொன்னது. கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் போடாத அத்தாட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. சில பொருட்கள் விழுப்புரத்தில் களவு போனவை என்பது ஒரு சிக்கல்போலத் தெரிந்தது. ஆனால் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 181(3) பிரிவுப்படி, திருட்டுச் சொத்தை வாங்கி வைத்திருந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். அதனால் அந்த வாதத்தை நான் எடுக்கவேயில்லை.

பெரியவர் மீது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 411. திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, அது திருட்டுச் சொத்துதான் என்பதை நிரூபிப்பது. வழக்கு அங்கேதான் நின்றது.

பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் சாட்சிக்கு வந்தான். அரசு கொடுத்த அவனுடைய இலவச சைக்கிளின் முன்சக்கரம் களவு போயிருந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம் அதற்குள் அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்து ஷெட்டில் நிற்கும் அத்தனை சைக்கிளும் ஒரே கம்பெனி, ஒரே நிறம்.

“இது உன் சைக்கிள் சக்கரம்தானா தம்பி?”

“ஆமா சார்.”

“எப்படிச் சொல்ற?”

“இதே மாதிரிதான் சார் இருந்துச்சு.”

“உன் கிளாஸ்ல மத்தவங்க சைக்கிள் சக்கரமும் இதே மாதிரிதானே இருக்கும்?”

பையன் தலையாட்டினான். வாயால் சொல்லும்படி நடுவர் சொன்னார். “ஆமா சார்” என்றான். அந்த ஒரு பதிலில் சக்கரம் போயிற்று. அவன் பொய் சொன்னதாக நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு அடையாளம் இல்லாமல் வந்திருந்தான். டைனமோக்காரர்களும் அப்படியே ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

முதல் புகார் கொடுத்த கொத்தனார் வேறு மாதிரி. மயிலம் பக்கத்து ஊர். காலை பாசஞ்சரில் தாம்பரம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். சீட்டும் முன்சக்கரமும் போய்விட்டன என்று புகார். சக்கரத்தைப் பற்றிக் கேட்டதும், “அது என்னுதுன்னு அடிச்சிச் சொல்ல முடியாதுங்க” என்றார். சீட்டைக் காட்டியபோது கையில்கூட வாங்கவில்லை.

“திருப்பிப் பாருங்க ஐயா.”

நடுவரே வாங்கித் திருப்பினார். அடியில் வலப்பக்க ஸ்பிரிங் உடைந்து, அந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. கான்கிரீட் கம்பிகளைக் கட்டும் அதே மெல்லிய கம்பி, இரட்டையாக மடித்து, கொக்கி போட்டு முறுக்கிய முறுக்கு. முனையைக் கொத்தனார் உள்பக்கமாக மடக்கியிருந்தார், கால்சட்டையைக் கிழிக்காமல் இருக்க. மேலுறைக்கும் தகட்டுக்கும் நடுவே சிமென்ட் மூட்டையின் பிளாஸ்டிக் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. “மழைத்தண்ணி எறங்காம நான்தான் வச்சேன்” என்றார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு எதுவும் இல்லை. எழுந்து, கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். சீட் சான்றுப் பொருள் 1 ஆனது.

அவருக்கு யாரையும் தண்டிக்கும் ஆசை இல்லை. “சீட்டக் குடுத்தா போதும், எனக்கு வேலை இருக்கு” என்று ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்டார். வந்த ஒவ்வொரு நாளும் கூலி போனது. சமாதானமாக முடிக்கலாம் என்றால், அன்றைய சட்டத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படாத திருட்டுக்குத்தான், அதுவும் நீதிமன்ற அனுமதியோடு, அது முடியும். அவர் புகாரின் தொகை அந்த வரம்புக்குள்தான், ஆனால் சமாதானம் நடக்கவில்லை. (2009 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது.) இடைக்காலத்தில் பொருளை வாங்கிக்கொள்ள அதே நடைமுறைச் சட்டத்தின் 451-இல் மனுப் போட வழி இருந்தது. பிடிபட்ட பொருட்களைக் காவல் நிலையத்தில் மட்க விடாதீர்கள், போட்டோ எடுத்து உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லாரிக்காரரும் கார்க்காரரும் அதைக் காட்டி மறுவாரமே வண்டியை எடுத்துப் போகிறார்கள். நூற்றிருபது ரூபாய் சீட்டுக்கு வக்கீல் வைத்து மனுப் போடுகிறவர் யார்?

என் கட்சிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சீட் கொத்தனாருடையது என்று ஆகிவிட்டதால், அப்போதைய சாட்சியச் சட்டம் 114-இன் அனுமானம் எங்கள் பக்கம் திரும்பியது. களவு போன பொருள் சீக்கிரத்தில் யார் கையில் கிடைக்கிறதோ, அவர் கணக்குச் சொல்லாவிட்டால் திருடர் என்றோ தெரிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் கொள்ளலாம். பெரியவரிடம் கணக்கு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நோட்டு ஒன்று. பஞ்சர், கிரீஸ், பிரேக் கட்டை என்று போகும் வரிகளுக்கு நடுவே “ப. சீட் 1 – 40”. பழைய சீட் என்று அர்த்தம். பிறகு எழுதிச் சேர்த்தது என்றார் அரசு வழக்கறிஞர். முன்னும் பின்னும் இடமே இல்லாமல் வரிகள் நெருக்கிக் கிடந்தன. நாற்பது ரூபாய்க்கு வாங்கியதே சந்தேகத்துக்கு இடம் என்று அடுத்து வாதிட்டார். பழைய சீட்டின் கடைவிலை என்ன என்று விசாரித்தீர்களா என்று புலன் விசாரணை அதிகாரியைக் கேட்டேன். இல்லை என்றார். கடைசியாக, போலீசார் தாங்களே வரைந்த மாதிரி வரைபடத்தைக் காட்டினேன். சீட்டுகள் கடை முகப்பில், தெருவைப் பார்த்த கயிற்றில் தொங்கியதாக அதில் இருந்தது. திருட்டுச் சொத்து என்று தெரிந்தவர் அதைத் தெருவில் தொங்கவிடுவாரா என்பது ஒன்றே என் வாதம்.

முதல் எதிரிக்காகச் சட்ட உதவியில் ஓர் இளம் வழக்கறிஞர் வந்தார். ஜாமீன் உத்தரவு எப்போதோ ஆகியிருந்தது. கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை, பையன் உள்ளேயே இருந்தான். இன்று என்றால் அவன் உள்ளேயே போயிருக்க மாட்டான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)-இன்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடித் தண்டனை பெறுகிறவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். அது நல்ல மாற்றம். ஆனால் அதே குற்றம் இப்போது, நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாத குற்றமாகவும் ஆகிவிட்டது. தகவலைப் பதிவு செய்து, புகார்தாரரை நடுவரிடம் போகச் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் சீட்டுக்காக நடுவரிடம் போவார் என்று சட்டத்தை எழுதியவர்கள் நம்பினார்களா, தெரியவில்லை. சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சீட்டின் அடியில், ரிம்மின் உள்பக்கத்தில் ஆணியால் உங்கள் பெயரைக் கீறி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்த அடையாளத்தை முதல் வரியிலேயே எழுதி, ரசீது கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பு ஒரு பிற்பகலில் வந்தது. சான்றுப் பொருள் 1-ஐப் பொறுத்த அளவில் முதல் எதிரி இந்திய தண்டனைச் சட்டம் 379-இன் கீழ் குற்றவாளி, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனை. இரண்டாம் எதிரி விடுதலை. சீட்டைக் கொத்தனாரிடம் ஒப்படைக்க உத்தரவு. மீதி ஐந்து சீட், மூன்று சக்கரம், நான்கு டைனமோவுக்கு உரிமை நிரூபிக்கப்படாததால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஏலம் விட்டுத் தொகையை அரசுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.