இருக்கைக்கு அடியில் ஒரு பேட்டரி

பழைய ஹைபிரிட் எஸ்யூவி ஒன்று விலைக்கு வந்தால், வாங்க வருபவர் முதலில் விசாரிப்பது பேட்டரியைத்தான். அது போனால் வண்டியே போச்சு என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் நடுவழியில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் அதைவிடச் சின்னச் சாமான்கள்.

2006 மாடலாக அமெரிக்கச் சாலைக்கு வந்த டொயோட்டா ஹைலேண்டர் ஹைபிரிடையே பார்க்கலாம். நடு வரிசை இருக்கைக்கு அடியில் 288 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 30 மாட்யூல், மொத்தம் 240 செல். அதைக் குளிர்விக்கும் காற்றை விசிறிகள் வண்டிக்குள்ளிருந்தே இழுக்கின்றன, அதுவும் இருக்கைக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியாக. அந்த இருக்கையில் உட்காருவது பிள்ளைகள். பல வீடுகளில் நாயும். பிஸ்கட் தூளும் நாய் முடியும் போய் அடைத்துக்கொள்ள, உள்ளே சூடு ஏறுகிறது. காற்று சரியாக எட்டாத மாட்யூல்கள் மற்றவற்றுக்கு முன்பே தளர்கின்றன. ஒருநாள் மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0ஏ80 என்று வந்து நிற்கும்: பேட்டரியை மாற்று.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. மலிவுதான். கிழமாட்டோடு இளங்காளையைப் பூட்டிய ஏர் எவ்வளவு தூரம் உழும்? சில மாதத்தில் பக்கத்து மாட்யூல் படுக்கும்.

பேட்டரி அவ்வளவு நோஞ்சானும் அல்ல. 2004-ல் வந்த ஃபோர்டு எஸ்கேப் ஹைபிரிட் நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் டாக்ஸியாக ஓய்வில்லாமல் ஓடியது. அந்த வண்டியின் பேர்போன தொல்லை வேறு: மோட்டாரின் மின்னணுப் பகுதிக்குக் கூலன்ட் அனுப்பும் ஒரு சிறிய மின் பம்ப். அது நின்றால், ‘உடனே பத்திரமாக நிறுத்து’ என்று எச்சரிக்கை வரும், வண்டியும் ஓரங்கட்டிவிடும். ஹைலேண்டருக்குச் சோதனை வந்தது இன்வெர்ட்டரில். உள்ளே டிரான்சிஸ்டர்களின் சால்டரிங் சரியில்லை என்று 2011-ல் அமெரிக்காவில் சுமார் 82,000 ஹைலேண்டர், லெக்சஸ் ஆர்எக்ஸ்400எச் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

இன்னொரு வேடிக்கை. 288 வோல்ட் குறைவில்லாமல் இருந்தும் வண்டி கண் திறக்காது. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை இயக்குவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது சோர்ந்தால் டேஷ்போர்டு விளக்குகள் கூத்தாடும். ஹைபிரிட் செத்தது என்று உரிமையாளர் டோ வண்டியைக் கூப்பிடுவார்.

பிரேக் கதை தலைகீழ். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்வதால் பேடுகள் மெதுவாகவே தேய்கின்றன. அதனாலேயே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் காலிப்பர் பின்கள் துருவேறி இறுகிக் கிடக்கும்.

இத்தனை மின்சாரப் பேச்சில் மறந்துபோவது என்ஜின். ஹைலேண்டரின் 3.3 லிட்டர் வி6-க்கு டைமிங் பெல்ட் உண்டு; 90,000 மைலில் மாற்ற வேண்டும். ஆல்டர்நேட்டர் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை என்று பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் பெல்ட்டைப் பற்றிக் கேட்டால், “இதில் பெல்ட்டா?” என்பார். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.