கடல் விலகிய துறை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முக்காணி என்றோர் ஊர் உண்டு. அங்கே தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர் பல்லாயிரவர். பாலத்துக்கு முன்னரே மேற்கே திரும்பிக் கொற்கைக்குச் செல்வோர் மிகச் சிலர். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வழியே போய் வந்த நாமும் அந்தப் பல்லாயிரவரில் ஒருவரே. குருமடத்தில் உரோமாபுரியின் ஏழு குன்றுகளையும் பிழையின்றி ஒப்பித்த நமக்கு, கூப்பிடு தூரத்துக் கொற்கையைக் காண வேண்டுமென்று தோன்றாமற் போனது வெட்கத்துக்குரியதே. சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், நம் பங்கின் உபதேசியாரையும் இளைஞர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு அக்குறையைத் தீர்க்கப் புறப்பட்டோம்.

பாண்டியரின் பெருந்துறை எனச் சங்கப் பாடல்கள் போற்றும் கொற்கையில் இன்று கப்பலும் இல்லை, கடலும் இல்லை. வாழைத் தோட்டமும் நெல்வயலும் பனையும் சூழ்ந்த சிற்றூர் அது. கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரில் மிகப் பழைமையான வன்னி மரம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அக்கசாலைப் பிள்ளையார் கோயிலையும் கண்டோம். அக்கசாலை என்பது பொன்வேலையும் நாணயம் அடித்தலும் நடைபெற்ற கூடம். ஓர் அரசின் செல்வமெல்லாம் உருப்பெற்ற இடத்தின் பெயர் இன்று பிள்ளையாரிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. வெற்றிவேல் அம்மன் கோயிலும் இங்கு உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் எனச் சிலம்பு கூறும். ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரவர்! அவர்களுடைய மனைவியர் எந்த மன்னனிடம் சிலம்பைக் காட்டி நீதி கேட்டிருப்பார்கள் என்று உபதேசியார் வினவினார். நம்மிடம் விடையில்லை.

தமிழகத் தொல்லியல் துறையினர் 1968-69இல் இங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரி, கி.மு. 785ஆம் ஆண்டை ஒட்டியது என அறியப்பட்டது. 2021இல் மீண்டும் அகழ்ந்தார்கள். செங்கற் கட்டுமானமும் சங்கு அறுத்த துண்டுகளும் வெளிப்பட்டன. அவர்களுக்கெல்லாம் முன்னர், 1870களில், ஆங்கிலிக்கன் ஆயரான கால்டுவெல் இங்கும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். ஆண்டுதோறும் ஆறு கொணர்ந்த வண்டலே கடலைச் சிறிது சிறிதாகக் கிழக்கே தள்ளியது என்பது அவர் கண்ட முடிவு. பகைவர் எவரும் கொற்கைத் துறையை அழிக்கவில்லை. ஊருக்குச் சோறிட்ட ஆறே அதைத் தூர்த்தது.

வாய்க்காலருகே முதியவர் ஒருவர் வாழைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கடல் போய்விட்டதே என்று நாம் வருந்தியதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

“வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சாமி. கடல் போனதாலதானே எங்களுக்கு வயக்காடு கெடைச்சுது? ஆனா 2023 டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சு பாருங்க, அன்னிக்கு ராத்திரி கடல்தான் திரும்பி வந்திட்டுன்னு நெனைச்சோம்.”

அந்த வெள்ளத்தில் ஏரல் துண்டிக்கப்பட்டதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள்.

கொற்கை என்றதும் முத்தை நினையாதார் இல்லை. நமக்கோ நம் பாட்டனார் நினைவு வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூல், இங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. நம் பாட்டனார் குற்றம் ஒன்றும் செய்தவரல்லர். ஆயினும் அதே கடலில் இடுப்பில் கயிற்றோடு மூழ்கி மூழ்கிச் செவிப்புலனை இழந்தார். மேலே கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகவே இருப்பாராம். தங்கையின் தாலி மேல் அவருக்குத்தான் கூடுதல் அக்கறை என்பார் நம் பாட்டி. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. பாட்டனார் ஒரு முத்தையேனும் வீட்டில் வைத்திருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கடல் நகர நகரத் துறையும் அதன் பின்னே நகர்ந்தது. கொற்கைக்கு அடுத்து எழுந்தது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஓர்முசு முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலைத் தொடும் என்று எழுதியிருக்கிறார். அதுவும் தூர்ந்தது. இன்று அங்கு உப்பளங்களையும், 2009இல் திறக்கப்பட்ட சிர்க்கோனியம் ஆலையையும் காணலாம்.

ஆத்தூரில் சற்றே நின்றோம். இவ்வூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உபதேசியார் இரண்டு கவுளி வாங்கிக்கொண்டு வழிநெடுக அதன் பெருமையையே பேசினார். காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைக் கண்டு வியந்தோம். நபிகள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் பிறந்த ஊர் இது.

பொழுது சாயும் வேளையில், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலை அடைந்தோம். இவ்வூரில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார். ஏழைகளுக்கு இங்கே மருத்துவமனையும் அமைத்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள்; எனினும், தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் அதுவே மிகப் பழைமையானது. அவரைப் பற்றி இளைஞர்களுக்கு விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தோம். ஆனால் அவர்களின் கண்கள் ஆற்றுமுகத்திலேயே நிலைத்திருந்தன.

அங்கே படகொன்று மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. நால்வர் நீரில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நம்மைக் கண்டு எழுந்து தோத்திரம் சொல்லிவிட்டு, “தண்ணி வத்துனா இப்படித்தான் சாமி. வாய் அடைஞ்சுக்கிட்டே வருது. நாங்களும் ஒருநாள் கொற்கை மாதிரி ஆயிருவோம் போல” என்றார்.

கொற்கை முதியவரின் சொல் நினைவுக்கு வந்தது; ஆயினும் அதை அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. கடல் விலகினால் வயல் கிடைக்கலாம். அது எத்தனை தலைமுறை கழித்து? அதுவரை இந்நால்வரின் பிள்ளைகள் எதை உண்பார்கள்?

அதற்குள் இளைஞர் இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கியிருந்தனர். உபதேசியார் வெற்றிலைப் பையை நம்மிடம் கொடுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். நாம் அப்பையை வலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். முழங்கால் ஆழம்தான், அடியில் மணல் நெகிழ்ந்து காலை இழுத்தது. மூன்றாம் முறை தள்ளியபோது படகு சற்றே அசைந்தது.