கோட்டுச்சேரிமேட்டில் இராவணன் மீசை

இராவணனுக்குப் பத்துத் தலை என்பது உங்களுக்குத் தெரியும். அவனுடைய மீசை எங்கே இருக்கிறது, தெரியுமா? காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் இருக்கிறது. கண்ணால் மட்டுமல்ல, காலாலும் அதைத் தரிசித்துவிட்டு வந்தேன்!

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் கோட்டுச்சேரியில் இறங்கிக் கிழக்கே போனால், வயல்கள் மெல்லப் பின்வாங்குகின்றன. பிறகு மீனவர் வீடுகள், படகுகள், உலரும் வலைகள். கடைசியில் மணல் மேடு. அதற்கப்பால் வங்கக் கடல்.

கடலைக் கண்ட உற்சாகத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். உள்ளங்காலில் 'சுருக்'கென்று தைத்தது! குனிந்து பார்த்தால், ஈட்டி முனை போன்ற இலைகளுடன் சாம்பல் பச்சை நிறத்தில் ஒரு புல். இதற்குத்தான் 'இராவணன் மீசை' என்று பெயர்.

கோபத்தில் அதன் தண்டைப் பிடித்து இழுத்தேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது! கணுவுக்குக் கணு வேர். பக்கத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்தார்.

"விடுங்க தம்பி! அது மணலைப் புடிச்சுக்கிட்டு இருக்கு. அதைப் பிடுங்கினா மணல் எங்க வூட்டு வாசலுக்கு வந்துடும்."

வெட்கத்துடன் கையை எடுத்தேன். அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை!

சாதாரணச் செடியை மணலில் புதைத்தால் செத்துப்போகும். இராவணன் மீசையோ புதையப் புதைய வளரும்! வேகமாக வரும் கடற்காற்று இந்த இலைகளிடையே புகுந்ததும் சோர்ந்துபோகிறது. சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. செடி மூடிப்போகிறது. உடனே புதைந்த கணுக்களில் வேர்விட்டு, மேலே புதுத் தளிர் எழுகிறது. மறுபடி மணல், மறுபடி தளிர். இப்படித்தான் மேடு உயர்கிறது. சம்பளமில்லாத கொத்தனார்!

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் விதைகள் முற்றியதும், முள்பந்து போன்ற கதிர் அப்படியே கழன்று விழுகிறது. காற்றடித்தால் அந்தப் பந்து கரை நெடுக உருண்டோடி, வழியெல்லாம் விதையைச் சிந்திக்கொண்டு போகிறது.

இந்தக் கொத்தனாருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஆட்டின் குளம்பைப் போல் பிளந்த இலையும் ஊதாப் பூவும் கொண்ட அடப்பங்கொடி. சங்கப் புலவர்கள் 'அடும்பு' என்று பாடியது இதைத்தான். மேட்டின் சரிவில் வலை விரித்தாற்போல் படர்ந்து மணலை நகரவிடாமல் அமுக்குகிறது. இதன் விதை மாதக்கணக்கில் உப்புநீரில் மிதந்தாலும் முளைக்கும் சக்தியை இழப்பதில்லை. அதனால்தான் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இதே கொடி! டிக்கெட் வாங்காமலே உலகம் சுற்றிய கொடி.

சவுக்கு மரத்தை மறக்கலாமா? நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே அல்ல, மெல்லிய கிளை. கணுவில் பிய்த்து மறுபடி பொருத்தி, "எங்கே ஒடித்தேன், சொல்லு?" என்று சின்ன வயதில் விளையாடியிருப்பீர்களே, அந்தக் கணுவைச் சுற்றியுள்ள நுண்ணிய பற்கள்தாம் நிஜமான இலைகள். தண்ணீர் வீணாகாமல் இருக்க இலையையே அவ்வளவு சிக்கனமாக்கிக்கொண்ட மரம்! ஆனால் அது நெருங்கி வளர்ந்து சருகு மெத்தையாகிவிட்டால், வெயில் விரும்பியான அடப்பங்கொடிக்கு அங்கே இடமில்லை. எதை எங்கே நடுவது என்பதிலும் யோசனை வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி எழுந்து வந்தபோது இந்த ஊரும் தப்பவில்லை. அத்தகைய அலையை ஒரு புல்லும் கொடியும் தடுத்துவிடும் என்று சொன்னால், அது பொய். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் புயல் அலைகள் கரையை அரிக்க வரும்போது, முதல் அடியைத் தாங்குவது இந்த மணல் மேடுதான். அலை தின்றுவிட்டுப் போன மணலைத் திரும்பச் சேர்த்து வைப்பது இந்தச் செடிகள்தாம். வண்டி ஓட்டி நசுக்கினாலும், முள் என்று வெட்டி எறிந்தாலும், மணலுக்காக மேட்டைத் தோண்டினாலும், இழப்பது வெறும் களையை அல்ல. மேட்டுக்குப் பின்னால் இருக்கிற வீடுகளின் காவலை.

திரும்பும்போது, வீட்டிலுள்ள குழந்தைக்குக் காட்டலாம் என்று ஒரு முள்பந்தை எடுத்துக்கொண்டேன். நாலடி நடந்ததும் மனம் கேட்கவில்லை, கீழே வைத்தேன். காற்று அதை உருட்டிக்கொண்டு தரங்கம்பாடிப் பக்கமாகப் போயிற்று. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகட்டும் தம்பி, அதுக்கும் வேலை இருக்கு" என்றார்.