அம்பு போன பக்கம்



நான் எழுத்தாளன் இல்லை. மெக்கானிக்கல் இரண்டாமாண்டில் இரண்டு அரியரோடு நிற்கும் ஒரு சாதாரண மாணவன். "மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று நண்பர்கள் விரட்டியதால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். அது வில்லில் மாட்டும் சைட். அதோடு நான் சொன்ன ஒரு பொய்யும் வரும்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு வில் பிரிவின் 5 தங்கத்தையும் நம் நாடே அள்ளி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த ஜோரில்தான் நானும் மைதானத்துக்குப் போனேன். இரு முனையிலும் உருளை வைத்த வில் அது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஆலன் என்பவர் 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முழுக்க இழுத்தபின் கையில் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

பயிற்சியாளர் தன் பழைய வில்லைக் கொடுத்தார். "சைட் மட்டும் நீ வாங்கிக்கோ தம்பி" என்றார்.

சைட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் ஐந்து பின்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்துக்கு. அது வேட்டைக்காரர்களுக்கானது. நாம் திருகைத் திருப்பும் வரை மான் காத்துக்கொண்டு நிற்குமா? நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். நம்முடைய மான் 50 மீட்டர் தள்ளி நிற்கும் 80 செ.மீ. காகிதம். அது ஓடாது. அதற்கு ஒரே பின் போதும். ஆனால் அந்தப் பின் திருகினால் ஏறி இறங்க வேண்டும். நிறுத்திய இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இது இரண்டாவது வகை.

ஏன் ஏறி இறங்க வேண்டும்? நம் முதலாண்டு பிசிக்ஸ்தான். அம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் 30 மீட்டர் போவதற்குள் சுமார் 70 செ.மீ. விழும். 50 மீட்டரில் ஏறக்குறைய 1.9 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு மேல்!

இரண்டாவது வகை புதிதாக 12,000 ரூபாய். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அடகில் இருந்த தோட்டை மீட்க வைத்திருந்த பணம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருவரிடம் பழைய சைட்டை 5,000-க்கு வாங்கினேன். மீதி 7,000? செல்போன், பிரியாணி, சினிமா... வீட்டில் "பன்னெண்டாயிரம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மைதானத்தில் அம்புகள் சிதறின. ஒரு சமயம் பத்து, மறு சமயம் எட்டு. காற்றைத் திட்டினேன், வில்லைத் திட்டினேன். தேர்வுக்கு மூன்றே வாரம்.

என் அப்பா கணபதியில் ஒரு பட்டறையில் டர்னர். ஒரு நாள் ராத்திரி, "அந்தப் பன்னெண்டாயிரம் ரூபா சாமானைக் காட்டு கண்ணு, பாக்கலாம்" என்றார். பின்னை விரலால் தள்ளிப் பார்த்தார். "இதுல ஆட்டம் இருக்குதே!" மறுநாள் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். முக்கால் மில்லிமீட்டர்.

முக்கால் மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? என் கண்ணிலிருந்து பின் வரை 85 செ.மீ. இலக்கு வரை 50 மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 59 மடங்கு. 0.75-ஐ 59-ஆல் பெருக்கினால் 44 மி.மீ. பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமே 40 மி.மீ.தான். நடுவில் பாய வேண்டிய அம்பு ஒன்பதுக்குப் போய்விடும்!

அப்பா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பித்தளையில் புது நட்டு கடைந்து கொடுத்தார். "லேத்துல பேக்லாஷ் இருந்தா என்ன பண்ணுவ? எப்பவும் ஒரே பக்கமிருந்து திருகிக் கொண்டுவா. தாண்டிப் போச்சுன்னா நல்லாப் பின்னால போயிட்டு மறுபடியும் வா." அது அப்படியே சைட்டுக்கும் பொருந்தியது.

நட்டை மாட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பன்னெண்டாயிரத்துச் சாமான்ல இப்படி ஆட்டம் இருக்குமா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நீயே சொல்லிப்போடு" என்றார்.

சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்தார். அந்தச் சோறு இறங்கவில்லை தோழர்களே.

தேர்வில் நான்கு பேரை எடுத்தார்கள். நான் ஐந்தாவது. ஆனால் 72 அம்புகளில் ஒன்றுகூட ஏழுக்கு வெளியே போகவில்லை. இப்போது ஞாயிறுதோறும் அப்பாவின் பட்டறையில் வேலை செய்கிறேன். 4,500 ரூபாய் கட்டிவிட்டேன். இன்னும் 2,500 பாக்கி. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

சைட் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் பின்னை ஆட்டிப் பாருங்கள். குமிழ் மட்டம் இருக்கிறதா பாருங்கள். வில் வலப்பக்கம் சாய்ந்தால் அம்பும் வலப்பக்கம் போகும். ஓர் அம்பைப் பார்த்துத் திருகாதீர்கள். மூன்று அம்புகள் ஒரே இடத்தில் கூடட்டும், அப்புறம் திருகுங்கள்.

திருகும்போது ஒரு விதி உண்டு. அம்பு இடப்பக்கம் போனால் பின்னை வலப்பக்கம் தள்ளத்தான் கை போகும். அது தப்பு. அம்பு போன பக்கமே பின்னையும் நகர்த்த வேண்டும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம், கீழே போனால் கீழே.

செய்த தப்பிலிருந்து நான் ஏழு மாதம் எதிர்ப்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தேன். அது இருக்கும் பக்கமாகப் போய் நின்றபோதுதான் குறி நேரானது. அந்தத் திருகை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எட்டாவது மட்டுமே படித்த ஒரு டர்னர்.