டம்பி லெவலும் முயல் வேட்டையும்
(மூன்றாம் ஆண்டு, சிவில்)

சிவில் படிக்கிறவனுக்கும் துப்பாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது! நாம் சர்வே பிராக்டிகலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்க்கிறோமே அந்த டெலஸ்கோப்புக்கும், துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்புக்கும் தாத்தா ஒருவர்தான். இரண்டிலும் முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு லென்ஸ், நடுவே குறுக்குக் கம்பி. ஒன்றில் ஸ்டாஃப் தெரியும், மற்றொன்றில் குறி தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டவர் என் அத்தை மகன். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே முயல் என்றால் நம் ஊரில் எலி மாதிரி. 1859-ஆம் ஆண்டு தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், வேட்டையாடி விளையாட இங்கிலாந்திலிருந்து இருபத்துச் சொச்சம் முயல்களை வரவழைத்து விட்டார். அதே விக்டோரியாவில்தான்! அது பெருகி நாட்டையே தின்ன ஆரம்பித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-இல் பல நூறு மைல் வேலி போட்டு முடித்தார்கள். முயல் வேலிக்கும் அடங்கவில்லை. 1950-இல் நோய்க் கிருமியைப் பரப்பிப் பார்த்தார்கள். கோடிக்கணக்கில் செத்தது, மிஞ்சியது மறுபடி பெருகியது. இன்றைக்கும் நாற்று நட்டால் பாதி அதற்குத்தான். ஆகவே பண்ணைக்காரரின் அனுமதியோடு, லைசென்ஸ் எடுத்து, பாயின்ட் டூ டூ ரைபிளால் சுடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் 50 மீட்டர் இலக்குப் பயிற்சியும் உண்டு. அத்தானும் முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு போல்ட் ஆக்ஷன் ரைபிள் வாங்கிவிட்டார். ஸ்கோப்தான் பாக்கி.

"மாப்ளே, நீ சர்வே படிக்கிறவன். லென்ஸ் கணக்கெல்லாம் உனக்குத் தெரியும். நானூறு டாலருக்குள்ள எது நல்லதுன்னு சொல்லு. ஆறுல இருந்து இருபத்துநாலு தடவை பெருசாக் காட்டுறது ஒண்ணு பாத்தேன். நூறு மீட்டர்ல முயலோட மீசைகூடத் தெரியுமாம்!" என்றார் போனில்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வாயில்லா ஜீவனைக் கொல்றதுக்கு யோசனை சொல்லப் போறியா? அந்தப் பாவத்துல உனக்கும் பங்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி நியாயமானதுதான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைத் தொட்டாலே குற்றம். அதுதான் சரியும்கூட. ஆனால் அங்கே நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அத்தான் சுடத்தான் போகிறார். தப்பான ஸ்கோப்பால் சுட்டால் முயல் சாகாது. கால் உடைந்து, வயிறு கிழிந்து, புதருக்குள் கிடந்து இரண்டு நாள் துடிக்கும். என் மாமா, அதாவது அத்தானின் அப்பா, ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அடிச்சா ஒரே அடியில முடியணும். இல்லேன்னா துப்பாக்கியைத் தொடாதேன்னு அவன்கிட்ட சொல்லுடா." எனக்கு அதுதான் டிசைன் கண்டிஷன் ஆயிற்று. முயலின் தலையில் மூளை இருக்கும் இடம் ஏறத்தாழ ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவு. குண்டு அந்த நாணயத்துக்குள் விழ வேண்டும். இனி கணக்கு.

முதலில் பெரிதாகக் காட்டும் ஆசை. ஸ்கோப்பின் மேல் 3-9×40 என்று எழுதியிருந்தால், மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. அத்தான் ஆசைப்பட்டது 6-24×50. அதை 24-இல் வைத்தால் 2 மி.மீ.தான்! நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், அப்போது பாதகமில்லை. முயல் வெளியே வருவதோ அந்தி மயங்கும் நேரத்தில். அப்போது கண்மணி ஐந்து மி.மீ. வரை விரியும். இரண்டு மி.மீ. வெளிச்சம் அதற்கு எப்படிப் போதும்? படம் இருட்டடிக்கும். அதோடு பார்வைப் பரப்பும் சுருங்கும், கை நடுக்கமும் இருபத்துநாலு மடங்காகத் தெரியும். முயலின் மீசையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முயல் வளைக்குள் போய்விடும். 2-7×32 என்பதை 7-இல் வைத்தாலும் 4.6 மி.மீ. வருகிறது. சின்னதுதான் இங்கே பெரியது!

அடுத்து பாரலாக்ஸ். இந்தப் பெயரைக் கேட்டதுமே நம் லேப் ஞாபகம் வரும். கண்ணை லேசாக மேலும் கீழும் அசைத்தால் குறுக்குக் கம்பி ஸ்டாஃபின் மேல் நகர்கிறதா? நகர்ந்தால் ரீடிங் எடுக்காதே, முதலில் பாரலாக்ஸை நீக்கு என்பது முதல் நாள் பாடம். ஸ்கோப்பிலும் அதே கதைதான். விலை மலிவான, நடுத்தர விலையான ஸ்கோப்புகள் பலவற்றில் ஃபோகஸ் திருகு கிடையாது. ஏதோ ஒரு தூரத்துக்கு ஃபேக்டரியிலேயே வைத்து மூடிவிடுவார்கள். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப் என்றால் வழக்கமாக 100 கஜம். பாயின்ட் டூ டூ ரைபிளுக்கென்றே செய்வதை 'ரிம்ஃபயர் ஸ்கோப்' என்பார்கள். அதில் பெரும்பாலும் 50 கஜம்.

இதனால் எவ்வளவு தப்பும்? சுலபமான சூத்திரம் இருக்கிறது. முன் லென்ஸின் ஆரத்தை, தூர வித்தியாசத்தால் பெருக்கி, ஃபேக்டரி வைத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 100 கஜத்துக்கு வைத்த 40 மி.மீ. ஸ்கோப்பால் 25 கஜத்தில் இருக்கும் முயலைக் குறி பார்த்தால்: 20 × 75 ÷ 100 = 15 மி.மீ. கண் ஓரத்துக்குப் போனால் குறி அவ்வளவு விலகும். நாணயத்தின் ஆரமே 13.5 மி.மீ.தானே! சுடுகிறவர் மேல் ஒரு தப்பும் இல்லாமலே நாணயத்துக்கு வெளியே போய்விடும். 50 கஜத்துக்கு வைத்த 32 மி.மீ. ரிம்ஃபயர் ஸ்கோப்பில் அதே 25 கஜத்துக்கு: 16 × 25 ÷ 50 = 8 மி.மீ. உள்ளேயே இருக்கிறது. 50 கஜத்தில் பூஜ்யம். இந்த ஒரு கணக்கே பாதி முடிவைச் சொல்லிவிட்டது.

மூன்றாவது கிளிக். குறியை மேலே கீழே, இடம் வலம் நகர்த்த இரண்டு திருகுகள் உண்டு. திருகினால் டிக் டிக் என்று சத்தம் வரும். ஒரு டிக்குக்குக் கால் நிமிடக் கோணம், அதாவது 15 வினாடி. நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கும் வெர்னியர் தியோடலைட்டின் லீஸ்ட் கவுன்ட் 20 வினாடி. நடுத்தர விலை ஸ்கோப்பின் ஒரு டிக் அதைவிடப் பொடிசு! 50 மீட்டரில் ஒரு டிக் 3.6 மி.மீ. நகர்த்தும். இது போதும், எட்டில் ஒரு பங்கு டிக்குக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

நான்காவது கண்ணாடிப் பூச்சு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து லென்ஸ் என்றால் பத்துப் பரப்பு. 0.96-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள், 0.66 வரும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகிறது. 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்மாகுலா இதற்கு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்று அட்டைப் பெட்டியில் 'கோட்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றிருந்தால்தான் எல்லாப் பரப்பிலும் பல பூச்சு. காசை இங்கே செலவழிக்கலாம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குளிர் காலையில் உள்ளுக்குள் பனி படரும்.

ஐந்தாவது தூரம். ஸ்கோப்பை விட முக்கியமானது இதுதான் என்பது என் கட்சி. பாயின்ட் டூ டூ குண்டு மெதுவானது, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவான ரகத்தைத்தான் முயலுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 50 மீட்டருக்குச் சரி செய்து வைத்தால், 25 மீட்டரில் ஒரு செ.மீ. அளவே மேலே போகும். 75 மீட்டரில் சுமார் 8 செ.மீ. கீழே விழும். 100 மீட்டரில் ஒரு சாண்! சில ஸ்கோப்பில் மில் புள்ளிகள் இருக்கும். நம் ஸ்டேடியா கம்பி மாதிரியேதான். 40 செ.மீ. முயல் 8 மில் பிடித்தால் 50 மீட்டர். ஆனால் முயல் என்ன லெவலிங் ஸ்டாஃபா, அளவு போட்டு நிற்க? குட்டி முயலாக இருந்தால் கணக்கே போச்சு. மேலும் நடுத்தர விலை ஸ்கோப்புகள் பெரும்பாலானவற்றில் அந்தப் புள்ளிகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும். ஆகவே அத்தானுக்குச் செயின் சர்வே வழிதான் சொன்னேன். "டேப்பைப் பிடிச்சு வரப்புல 25-க்கு ஒரு குச்சி, 50-க்கு ஒரு குச்சி நட்டுடுங்க அத்தான். ரெண்டாவது குச்சிக்கு அந்தப் பக்கம் முயல் நின்னா, அது இன்னைக்குப் பொழைச்சுதுன்னு விட்டுடுங்க."

"அப்ப நூறு மீட்டரு?"

"நூறு மீட்டருக்கு கிளப்ல அட்டையைச் சுடுங்க. அட்டைக்கு வலிக்காது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். கடைசியில் வாங்கியது வோர்டெக்ஸ் கம்பெனியின் 2-7×32 ரிம்ஃபயர் ஸ்கோப். 50 கஜ பாரலாக்ஸ், சாதாரண குறுக்குக் கம்பி. மிச்சப் பணத்தில் நல்ல ரிங்கும், பயிற்சிக்குப் பெட்டி பெட்டியாகக் குண்டும்.

மாட்டும்போதும் சிவில்காரன் புத்திதான் உதவியது. 50 மீட்டரில் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நிற்கும் கம்பி அந்த நூலோடு ஒட்டும்படி குழாயைத் திருப்பிவிட்டுத்தான் ரிங்கை முறுக்கச் சொன்னேன். கம்பி சாய்ந்திருந்தால், உயரத்தைத் திருத்தத் திருத்தக் குண்டு பக்கவாட்டில் ஓடும். பிறகு ஒரு பரீட்சை: ஒரே இடத்தைக் குறி வைத்து ஐந்து குண்டு. மேலே 20 டிக், ஐந்து குண்டு. வலது 20, கீழே 20, இடது 20. சுற்றி வந்து முதல் துளைகளின் மேலேயே கடைசிக் குண்டுகள் விழ வேண்டும். நம் குளோஸ்ட் டிராவர்ஸ்தானே இது! அத்தான் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஏழு செ.மீ. சொச்சத்தில் அழகான சதுரம், குளோஸிங் எரர் இல்லை.

என்.சி.சி.யில் நாமும் 25 கஜத்தில் இதே பாயின்ட் டூ டூவால் குரூப்பிங் சுட்டிருக்கிறோம். ஸ்கோப் கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போய்ச் சுட்ட 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும், பத்துப் பாயின்ட் புள்ளியோ அரை மி.மீ.! கண்ணாடி குறி வைக்காது, கையும் மனசும்தான் குறி வைக்கும். கண்ணாடி செய்கிற உதவி, எங்கே படும் என்று தெளிவாகக் காட்டுவது மட்டுமே. சுடலாமா கூடாதா என்பதை அது சொல்லாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டாவது குச்சிக்கு அப்பால நிக்கிற முயல் தப்பிச்சுடும்ல?" என்று மட்டும் கேட்டார். தப்பிச்சுடும்மா என்றேன். பாவத்தில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதற்கு அவர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் நண்பர்களே, பாரலாக்ஸ் எதற்குப் படிக்கிறோம் என்று இனி யாராவது லேபில் சலித்துக்கொண்டால், அந்தப் பதினைந்து மில்லிமீட்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நமக்கு அது ரெக்கார்டு நோட்டில் ஒரு மார்க். வேறொரு உயிருக்கு அது இரண்டு நாள் வேதனை.