நமக்கு யார் இணைப்புக் கொடுப்பார்கள்?

வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையம் போனால், "முதலில் விசாரிக்கிறோம், அப்புறம் எஃப்ஐஆர் போடுகிறோம்" என்ற பதில் நம் எல்லோருக்கும் பழக்கமானது. சட்டப்படி அந்தப் பதில் செல்லாது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், வழக்குப் பதியும் முன் ஆரம்பகட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் 2 பாரத் பந்தில் உயிர்கள் போயின. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்த இரண்டு நிபந்தனைகளையும் நீக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

ஆனால் புகார் கொடுக்கப் போன குடும்பத்துத் தம்பி வாசலில் நின்று செல்பேசியில் தேடும்போது முதலில் வந்து நிற்பது எது? மார்ச் 2018 செய்தி. "இதோ, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று அதையே அவனிடம் திருப்பிக் காட்டுகிறார்கள். இப்படி ஏமாற்றப்பட்டுத் திரும்பியவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

இதற்காகத்தான் எளிய தமிழில் ஒரு சிறு தளம் தொடங்கினோம். 18ஏ என்ன சொல்கிறது, டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்ற விதி எது, தீருதவித் தொகையை எந்தெந்தக் கட்டத்தில் கேட்கலாம் என்று எழுதினோம். எழுதியது சரியாகத்தான் இருந்தது. தேடினால் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சமூகவியல் படித்தவர்களுக்குச் சொல்வது எளிது. 1998இல் ஸ்டான்ஃபோர்டில் செர்கே பிரின்னும் லாரி பேஜும் வடிவமைத்த பேஜ்ரேங்க், ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள்களை எண்ணும் பழக்கத்திலிருந்து வந்த யோசனை. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கும் இணைப்பு அதற்கு விழும் வாக்கு. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பலரால் சுட்டப்படும் பக்கம் போடும் வாக்கு கனமானது, யாரும் சுட்டாத பக்கத்தின் வாக்கு காற்று. கூகுள் இன்று எத்தனையோ காரணிகளைப் பார்க்கிறது, ஆனாலும் இணைப்பு இன்னும் அவற்றில் ஒன்று. ஏற்கெனவே பெயர் பெற்ற விஞ்ஞானிக்கே மேலும் பெயர் சேர்வதை 1968இல் ராபர்ட் மெர்ட்டன் 'மத்தேயு விளைவு' என்றார். சேரிக்குள்ளிருந்து எழுதும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள மெர்ட்டன் தேவையில்லைதான்!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த வாக்கு எண்ணிக்கைக்குப் பாராட்டும் கண்டனமும் ஒன்றே. மார்ச் தீர்ப்பைக் கண்டித்து நாம் எழுதிய கட்டுரைகளிலும் அந்தச் செய்திக்குத்தான் இணைப்புக் கொடுத்தோம் எல்லோரும். திருத்தம் வந்தபோது அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. சாதிப் பெருமை பேசும் தளத்தைத் திட்டி எழுதும் தோழர்களுக்கும் இது பொருந்தும். இணைப்பில் 'நோஃபாலோ' என்ற குறியைச் சேர்த்தால் அது வாக்காக எண்ணப்படாமல் இருக்கும் என்று 2005இல் கொண்டுவந்தார்கள். 2019க்குப் பிறகு கூகுள் அதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பெயரைச் சொல்லித் திட்டுங்கள், இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

"வாட்ஸப்பில் போட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். செய்தி போய்ச் சேரும், நல்லதுதான். ஆனால் வாட்ஸப் குழுவுக்குள் நடப்பதைத் தேடுபொறி பார்ப்பதில்லை. ஃபேஸ்புக், யூடியூப் இணைப்புகளும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. சில ஆயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான இணைப்பு வாங்கித் தருவதாகவும் எங்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. 2012 ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட போலி இணைப்புகளைத் தள்ளத்தான். பாதிக்கப்பட்டவர்கள் நம்பி வரும் தளத்தைச் சூதாட்டத் தளங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்ட எங்களுக்கு மனமும் இல்லை.

மிச்சம் இருந்தது கேட்டு வாங்குவதுதான். சட்டக் கல்லூரி மாணவர் அமைப்புகள், சமூகப்பணித் துறைகள், நூலகங்கள் ஆகியவற்றின் தளங்களில் 'பயனுள்ள இணைப்புகள்' என்றொரு பக்கம் கிடக்கும். திறந்து பாருங்கள், பாதி இணைப்பு செத்திருக்கும். பத்து வருடங்களுக்கு முன் நம் தோழர்கள் நடத்திய வலைப்பூக்களும் அதில் இருக்கும். "இந்த இணைப்பு வேலை செய்யவில்லை, அதே பொருளில் எங்களிடம் ஒரு பக்கம் இருக்கிறது, படித்துப் பார்த்துச் சரியென்றால் சேருங்கள்" என்று எழுதினோம். பலர் பதிலே போடவில்லை. ஒரு துறைத்தலைவர் "அரசியல் தளங்களுக்கு இணைப்புத் தருவதில்லை" என்றார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை விளக்குவது எந்தக் கட்சி அரசியல் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சேர்த்தவர்களும் இருந்தார்கள், ஒரு நூலகர் எங்கள் பக்கத்தில் இருந்த எழுத்துப் பிழையையும் திருத்தி அனுப்பினார்.

இணைப்பை எந்தச் சொற்களில் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'இங்கே சொடுக்கவும்' என்றால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று இயந்திரத்துக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. 'எஃப்ஐஆர் போட மறுத்தால் என்ன செய்வது' என்று மக்கள் தேடும் சொற்களிலேயே கட்டுங்கள். தளத்தின் முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் சேர்த்த வாக்கெல்லாம் வீண்.

இப்போது அந்தக் கேள்வியைத் தமிழில் தேடினால் எங்கள் பக்கம் முடிவுகளின் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. மார்ச் 2018 செய்தி இன்னும் மேலேதான் இருக்கிறது. உங்கள் துறைக்கோ விடுதி வாசகர் வட்டத்துக்கோ ஒரு தளம் இருந்தால், இந்த வாரம் அதன் இணைப்புப் பக்கத்தைத் திறந்து எது செத்திருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையதைத்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. 18ஏ பற்றிச் சரியாக எழுதிய எந்தத் தளமானாலும் சரி.