35 மார்க்

முசஃபாவில் மே மாதம் வந்தால் இரண்டு சூடு. ஒன்று வெயில், இன்னொன்று தமிழ்நாட்டு ரிசல்ட். நம்ம ஃப்ளாட்டுகளில் 95 வாங்கிய பிள்ளையிடம், "ஏன் 98 வரல?" என்று கேட்போம். பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கிற லேபர் கேம்ப்பில் கேள்வியே வேற: "பாஸாயிட்டானா?"

ஜெயங்கொண்டம் பக்கத்து வெல்டர் அண்ணன் ஒருத்தர் டீக்கடையில் என்னிடம் போனை நீட்டினார். "தம்பி, கம்ப்யூட்டர் ஆளு நீங்க, இந்த நம்பரைப் போட்டுப் பாருங்க." மகன் பத்தாவது, கிராமத்து அரசுப் பள்ளி. கணக்கில் 35. அந்த 35-ஐ மூணு தடவை வாசிக்கச் சொன்னார். "நான் ஒம்போதாவதோட நின்னவன். இவன் எங்க போனாலும் அந்த மூணு எழுத்து இல்லாம போவான்."

அந்த மூணு எழுத்து இ.சி.ஆர். பத்தாவது தேறாமல் முதல்முறை வளைகுடாவுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாஸ்போர்ட்டில் அது இருக்கும். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி தனி அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடியும். தொழிலாளியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுதான். ஆனால் அலைச்சலுக்குப் பயந்து விசிட் விசாவில் வந்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பத்தாவது பாஸ் என்றால் இந்தக் கட்டமே இல்லை. 34-க்கும் 35-க்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

மானாவாரி நிலமும் முந்திரிக் காடும் சிமென்ட் ஆலைகளுமான அரியலூர் மாவட்டம் 2024-ல் பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். 2025-ல் பிளஸ் டூவிலும் முதலிடம், 98.82. பக்கத்துப் பெரம்பலூர் 2022-ல் பிளஸ் டூவில் முதலிடம்.

நானும் அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தவன்தான். அங்கே முதல் மார்க் எடுப்பவனுக்கு வாத்தியார் பெரிசா மெனக்கெட மாட்டார், அவன் தானா வந்துடுவான். கடைசி பெஞ்சு ஆட்களுக்குத்தான் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். "மெல்லக் கற்போர்" என்று தனி லிஸ்ட் இருக்கும். வராதவன் வீட்டுக்கு காலையிலேயே டீச்சர் போய் நிற்பார். மாவட்டத்தின் சதவீதம் ஏறுவது இந்தக் கடைசிப் பத்துப் பேரால்தான்.

இதில் குறை இல்லாமல் இல்லை. பாஸாக்க வேண்டும் என்ற அவசரத்தில் பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்பதும் நடக்கிறது. அப்படி வந்தவன் கல்லூரியில் முதல் வருஷம் திணறுவான். 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே போய் நிலைத்து நிற்கப் பாடம் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மே மாசம் ஊருக்குப் போன் பண்ணும்போது, முதல் மார்க் யார் என்பதோடு நிறுத்தாதீங்க. உங்க ஊர்ப் பள்ளியில் தேறாதவர்கள் எத்தனை பேர், துணைத் தேர்வுக்குக் கட்டணம் கட்டிட்டாங்களா என்று ஹெட்மாஸ்டரிடம் கேளுங்க. தேர்வு சில வாரத்திலேயே வந்துவிடும். அந்தப் பணம் நம்ம ஒரு வீக்எண்ட் பிரியாணிச் செலவுகூட வராது.